மொழியால் அயலார், பண்பாட்டால் அயலார்: ராகுட்டென் நிறுவனத்தின் ஆங்கில ஆணை – ஒரு நிகழ்வு ஆய்வு

2010ஆம் ஆண்டு மார்ச் மாதம், டோக்கியோவைத் தலைமையிடமாகக் கொண்ட ராகுட்டென் என்னும் இணைய வணிக நிறுவனத்தின் தலைவர் ஹிரோஷி மிகிதானி, தம் ஊழியர்களிடையே ஆங்கிலத்தில் உரையாற்றினார். பேசியவர் ஜப்பானியர், கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோரும் ஜப்பானியர். இனி நிறுவனத்தின் அலுவல் மொழி ஆங்கிலமே என்றும், இரண்டு ஆண்டுகளுக்குள் ஊழியர்கள் டோயிக் என்னும் ஆங்கிலத் தேர்வில் 990 மதிப்பெண்ணுக்கு 650ஐத் தாண்டியாக வேண்டும் என்றும், தாண்டாதவர்கள் பதவியிறக்கத்தை எதிர்பார்க்கலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. ஜப்பானில் மட்டும் ஏறத்தாழ 7,100 பேர் இந்த ஆணைக்குள் வந்தனர். லிஃப்டில் தளங்களின் விவரம் எழுதிய பலகைகளும் கேண்டீனின் உணவுப் பட்டியலும் உடனடியாக ஆங்கிலத்துக்கு மாறின. நேற்றுவரை பார்த்தவுடன் தேர்ந்தெடுத்த அதே சோற்றையும் மீனையும் இன்று எழுத்துக் கூட்டிப் படித்துத் தேட வேண்டியதாயிற்று.

இந்த நிகழ்வைப் பெரும்பாலும் மொழிக் கொள்கை பற்றிய பாடமாகவே எடுத்துச் சொல்கிறார்கள். இங்கே அதை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். ஓர் ஊழியர் தம்மை யாரென்று எண்ணிக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைகிறாரோ அந்த எண்ணத்தை இந்த ஆணை எங்கெங்கே தொட்டது, யாரை அதிகமாக அசைத்தது, யாரை ஏறக்குறைய அசைக்கவே இல்லை என்பதே என் அக்கறை.

நிறுவனமும் அதன் தலைவரும்

மிகிதானி 1965இல் கோபே நகரில் பிறந்தவர். ஜப்பான் தொழில் வங்கியில் வேலை பார்த்து, ஹார்வர்டில் மேலாண்மைப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1995ஆம் ஆண்டின் கோபே நிலநடுக்கத்தில் உறவினர்களை இழந்ததே, வங்கி வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கும் முடிவுக்குத் தம்மைத் தள்ளியது என்று அவர் சொல்லியிருக்கிறார். 1997இல் 13 கடைகளோடு அவருடைய இணையச் சந்தை திறக்கப்பட்டது. ராகுட்டென் என்ற சொல்லுக்கு நம்பிக்கை மனப்பான்மை என்று பொருள். பத்து ஆண்டுகளுக்குள் அது ஜப்பானின் மிகப் பெரிய இணையச் சந்தையாக வளர்ந்தது. கால்பந்து ரசிகர்களுக்கு, 2017 முதல் சில ஆண்டுகள் பார்சிலோனா அணியின் சட்டையில் இருந்த பெயராக அது நினைவிருக்கலாம்.

ஆணைக்கு முந்தைய ஆண்டுகள், ஜப்பானின் மக்கள்தொகை சுருங்கத் தொடங்கியிருந்த காலம். உள்நாட்டுச் சந்தையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று கணக்கிட்ட மிகிதானி, வெளிநாட்டு நிறுவனங்களை வாங்கத் தொடங்கினார். 2005இல் அமெரிக்காவின் லிங்க்ஷேர், 2010இல் அமெரிக்காவின் பை.காம், அதே ஆண்டில் பிரான்சின் பிரைஸ்மினிஸ்டர், பிறகு பிரிட்டன், ஜெர்மனி, பிரேசில் ஆகிய நாடுகளின் நிறுவனங்கள், கனடாவின் கோபோ என்று பட்டியல் நீண்டது. தைவான், தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய இடங்களிலும் கிளைகளோ கூட்டு நிறுவனங்களோ முளைத்தன. டோக்கியோவுக்கும் இவற்றுக்கும் இடையில் ஒவ்வொரு சொல்லும் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே போய் வர வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்தைத்தான் ஆணை ஒழிக்கப் பார்த்தது.

ஆணைக்கு மிகிதானி வைத்த பெயர் ‘இங்கிலீஷ்னைசேஷன்’. ஆங்கில அகராதிகளில் இல்லாத இந்தச் சொல்லை டோக்கியோவில் ஒரு ஜப்பானியர் உருவாக்கினார் என்பதை நான் தற்செயலாக எண்ணவில்லை. தம் நிறுவனத்துக்குள் வரப்போவது லண்டனுடைய ஆங்கிலமோ நியூயார்க்குடைய ஆங்கிலமோ அல்ல என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இரண்டு ஆண்டுகள்

தொடக்கத்தில், படிப்பது ஊழியரின் சொந்தப் பொறுப்பு என்றே நிறுவனம் கருதியது. பகல் முழுவதும் வேலை, வேலை முடிந்த பின் சொந்தச் செலவில் பயிற்சி, வார இறுதியில் மாதிரித் தேர்வு என்று ஓடிய வாழ்க்கை விரைவிலேயே தன் எல்லையைக் காட்டியது. மதிப்பெண்கள் எதிர்பார்த்தபடி ஏறாததைக் கண்ட பின்னரே மிகிதானி போக்கை மாற்றிக்கொண்டு, நிறுவனச் செலவில் வகுப்புகளுக்கும் படிப்பதற்கான நேரத்துக்கும் ஏற்பாடு செய்தார். 2012 ஜூலையில் ஆணை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 526 அளவில் இருந்த ஊழியர்களின் சராசரி மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்குள் 800ஐத் தாண்டியது.

வெளியே ஏளனமும் குறையவில்லை. பெரும்பாலும் ஜப்பானியர்களே வேலை செய்யும் ஜப்பானிய நிறுவனத்தில் ஆங்கிலம் மட்டும் என்பது முட்டாள்தனம் என்று ஹோண்டாவின் அன்றைய தலைவர் தகனோபு இத்தோ 2010இல் வெளிப்படையாகவே சொன்னார். அதே ஹோண்டா 2015இல், பல நாட்டுக் கிளைகள் கலந்துகொள்ளும் கூட்டங்களிலும் அவற்றுக்கிடையிலான ஆவணங்களிலும் 2020க்குள் ஆங்கிலத்தையே பயன்படுத்தப் போவதாக அறிவித்தது.

மதிப்பெண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். டோயிக்கின் இந்த வடிவம் கேட்டலையும் வாசித்தலையும் மட்டுமே அளப்பது. இரண்டு மணி நேரத்தில் 200 வினாக்களுக்குச் சரியான விடையைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். வாய் திறந்து ஒரு வாக்கியம் பேசாமலேயே 800 வாங்கிவிடலாம். ஆகவே, வரைபடத்தில் அழகாக ஏறிய கோடு, கூட்டத்தில் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

மூன்று வகை அயலார்

ராகுட்டென் நிகழ்வை மிக நெருக்கமாக ஆராய்ந்தவர் ஹார்வர்ட் வணிகப் பள்ளிப் பேராசிரியர் ட்சேடல் நீலி. ஆணை பிறந்த நாள் தொட்டு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், எட்டு நாடுகளிலுள்ள ராகுட்டென் அலுவலகங்களில் ஊழியர்களைத் தொடர்ந்து பேட்டி கண்டு அவர் எட்டிய முடிவுதான் இந்த ஆய்வின் அச்சு. தம் சொந்த நாட்டில், தம் சொந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊழியர்கள் அனைவரும் ஏதோ ஒரு வகையில் அயல்நாட்டுக்குப் பெயர்ந்தவர்களாகிவிட்டார்கள் என்பது அவர் கண்டது. ஆனால் எல்லாரும் ஒரே வகையில் பெயரவில்லை. ஜப்பானியர் மொழியால் அயலார் ஆயினர். அமெரிக்கா போன்ற ஆங்கில நாட்டு ஊழியர் பண்பாட்டால் அயலார் ஆயினர். பிரான்ஸ், ஜெர்மனி, பிரேசில், தைவான், தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் ஊழியர்களோ மொழி, பண்பாடு இரண்டாலும் அயலார் ஆயினர்.

முதல் வகையினரின் இழப்பைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு அதிக உழைப்பு வேண்டியதில்லை. ஜப்பானிய மொழியிலும் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, சொல்ல வந்ததை ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ முடிக்கும் உரிமை கடைசி நொடிவரை பேசுபவர் கையில் இருக்கும். மூத்தவர், இளையவர், வாடிக்கையாளர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி மரியாதை வழக்கு வினைச்சொல்லிலேயே ஏறிக்கொள்ளும். இருபது ஆண்டுகள் பணியாற்றிய ஒரு மேலாளரின் பெருமை, பாதிக்கும் மேல், எந்தச் சொல்லை யாரிடம் எப்படி முடிப்பது என்று அறிந்திருப்பதில்தான் இருக்கிறது. மிகிதானியோ இதையே ஒரு குறையாகக் கண்டார். ஆங்கிலத்தில் ஏற்றத்தாழ்வைக் குறிக்கும் சொற்கள் குறைவு, ஆகவே அது படிநிலைகளைத் தளர்த்தி முடிவுகளை விரைவுபடுத்தும் என்பது அவர் வாதம். வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ மூன்றும் ஒரே சொல்லில் கரைந்துபோகும்போது விடுதலை பெறுபவர் இளையவர். நாற்பது வயதைத் தாண்டி, தம் பேச்சுத் திறத்தால் மேலே வந்தவருக்கு அது சொத்துப் பறிமுதலுக்குச் சமம். ஜப்பானியக் கூட்டத்தில் மூத்தவரின் மௌனத்துக்கு எடை உண்டு. ஆங்கிலக் கூட்டத்தில் அதே மௌனம் தெரியாமையாகப் படிக்கப்பட்டுவிடும்.

இதற்கு முன் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தை ஆராய்ந்தபோதும் நீலி இதை ஒட்டிய ஒன்றைக் கண்டிருந்தார். ஆங்கிலம் பொது மொழியாக்கப்பட்டபோது, அதை நன்றாகப் பேசத் தெரிந்த பிரெஞ்சு ஊழியர்களும்கூடத் தங்கள் மதிப்பு தாழ்ந்துவிட்டதாகவே உணர்ந்தார்கள். அப்படியானால் இது வெறும் திறன் குறைவால் வரும் வேதனை அன்று; தன் வீட்டில் தான் விருந்தாளியாகும் வேதனை.

இரண்டாம் வகையினரின் கதை இன்னும் சுவையானது. என் கருத்தில் இந்த நிகழ்வின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. ஆணையைக் கேட்டதும் அமெரிக்க ஊழியர்கள் மகிழ்ந்தனர். தலைமையகமே தங்கள் மொழிக்கு வருகிறதென்றால் இனி எல்லாம் எளிது என்று நினைத்தனர். அதுவரை அவர்களைக் காத்து நின்ற சுவர் ஒன்று இருந்ததையும், அந்தச் சுவர் மொழிதான் என்பதையும் அவர்கள் அறிந்திருக்கவில்லை. டோக்கியோவின் கட்டளைகள் மொழிபெயர்ப்பில் தேய்ந்து, தாமதமாகி, பாதி நீர்த்துப்போய் வந்துசேர்ந்தவரை அமெரிக்கக் கிளை அமெரிக்கக் கிளையாகவே இருந்தது. ஆங்கிலம் வந்ததும் சுவர் விழுந்தது. சுவருக்கு அப்பாலிருந்து ராகுட்டெனின் ஜப்பானியப் பணி முறை நேராக உள்ளே நடந்து வந்தது. எல்லாரும் பெயர் அட்டை அணிய வேண்டும். வாரந்தோறும் நடக்கும் நிறுவனக் கூட்டத்தைக் கவனிக்க வேண்டும். அவரவர் மேசையையும் இடத்தையும் அவரவரே துடைக்க வேண்டும் (டோக்கியோவில் தலைவரே இதைச் செய்கிறார்). ஒவ்வொரு வேலைக்கும் எண்ணால் இலக்கு வைத்து, அதை ஓயாமல் மேம்படுத்திக்கொண்டே போக வேண்டும். நிறுவனத்தின் ஐந்து கொள்கைகளும் எல்லா நாடுகளுக்கும் பொது. கலிபோர்னியாவில் வளர்ந்த ஒருவருக்கு மேசை துடைப்பது கடினமான வேலை அல்ல. அதைச் செய்யும்படி நிறுவனம் சொல்வதுதான் அவருக்குப் புரியவில்லை. தம் தாய்மொழியில் வந்த ஆணை என்பதால், புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

மிகிதானி நினைத்துச் செய்தாரோ நினையாமல் செய்தாரோ, மொழியை ஓர் ஊரிலிருந்தும் பண்பாட்டை வேறோர் ஊரிலிருந்தும் எடுத்து ஒன்றாகக் கட்டிவிட்டார். ஆங்கிலம் வந்தால் ஆங்கிலேயரின் வழக்கமும் பின்னாலேயே வரும் என்று பழகிப்போன நம் எண்ணத்துக்கு இது சற்று அதிர்ச்சிதான்.

மூன்றாம் வகையினர், இரண்டாலும் அயலார் ஆனவர்கள். இரட்டைச் சுமை என்பதால் இவர்களே அதிகம் திணறியிருப்பார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நீலி கண்டது நேர்மாறானது: ஐந்து ஆண்டுக் காலத்தில் புதிய முறையோடு மிக எளிதாக ஒத்துப்போனவர்கள் இவர்களே. ஜகார்த்தாவிலோ தைபேயிலோ வேலை பார்த்தவருக்குத் தலைமையகத்தின் மொழியும் முன்பே அயல், வழக்கமும் முன்பே அயல். ஆணையால் இழக்கத் தனிச் சலுகை எதுவும் அவரிடம் இல்லை. ஜப்பானிய சகாவும் தம்மைப் போலவே ஆங்கிலத்தில் தடுமாறுவது அவருக்கு ஒருவகைச் சமநிலையாகவே தெரிந்திருக்கும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒன்று, சந்தையில் ஒன்று என்று வளர்ந்தவர் தம் அடையாளத்தை ஒரே மொழியில் முழுவதுமாக முதலீடு செய்வதில்லை. ஒன்று சரிந்தாலும் மற்றவை தாங்கும்.

இத்தகைய ஊழியரைத் திட்டமிட்டே தேடிப் பிடித்த நிறுவனமும் உண்டு. பிரான்சின் அழகுப் பொருள் நிறுவனமான லோரியல், புதுப் பொருள்களை உருவாக்கும் சிறு குழுக்களில் இரு பண்பாடுகளில் ஊறியவர்களை வேண்டுமென்றே அமர்த்தியதை ஹே-ஜுங் ஹாங், ஈவ் டோஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 2013இல் விவரித்தனர். முகப்பூச்சு நிறம் தருவதாகவோ சருமத்தை இறுக்குவதாகவோ ஏதேனும் ஒன்றாக மட்டும் ஐரோப்பாவில் விற்கப்பட்ட நிலையில், ஆசியாவில் இரண்டும் ஒரே குப்பியில் கிடைப்பதைப் பிரெஞ்சு–ஐரிஷ்–கம்போடிய வேர்கள் கொண்ட மேலாளர் ஒருவர் கவனித்தார். அதிலிருந்து பிரெஞ்சுச் சந்தைக்கே ஒரு புதிய பூச்சு பிறந்தது. லோரியல் பல்பண்பாட்டு ஊழியரை வெளியிலிருந்து கொண்டுவந்தது. ராகுட்டென் தன்னிடம் இருந்த அனைவரையும் ஒரே ஆணையால் அப்படி ஆக்கப் பார்த்தது. முதல் வழியில் செலவு குறைவு, வலியும் குறைவு. ஆனால் அங்கே மற்ற ஊழியர்கள் மாற வேண்டிய கட்டாயம் இல்லை.

கணக்கு எங்கே நேரானது

ஒத்துப்போவது ஒன்று, அதிகாரம் பெறுவது இன்னொன்று. தென்கிழக்கு ஆசிய ஊழியர்கள் எவ்வளவு இணக்கமாக இருந்தாலும் இறுதி முடிவு டோக்கியோவில்தான் எடுக்கப்பட்டது. 2016இல் ராகுட்டென் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் தன் இணையச் சந்தைகளை மூடியது. தாய்லாந்து நிறுவனத்தை விற்றது. அதே ஆண்டில் பிரிட்டனிலும் ஸ்பெயினிலும் ஆஸ்திரியாவிலும் கடையை எடுத்துக்கட்டியது. 2020இல் அமெரிக்காவும் ஜெர்மனியும் அந்த வரிசையில் சேர்ந்தன. புதிய அடையாளத்துக்கு எளிதாகப் பழகியவர், பழகாதவர் என்ற வேறுபாடு இந்த மூடல்களுக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் எல்லாரும் ஒரே மொழி பேசியதால் ஜகார்த்தாவிலோ லண்டனிலோ வாடிக்கையாளர் கூடிவிடவில்லை. ஆணையின் நோக்கம் உலகின் முதலிடத்து இணைய நிறுவனமாவது என்றால், அந்த அளவுகோலில் அது தோற்றது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

பலன் வேறொரு வாசல் வழியாக வந்தது. ஜப்பானிய மொழி தெரியாதவரும் டோக்கியோவில் வேலைக்குச் சேரலாம் என்ற நிலை உருவானதால், பொறியாளர் பற்றாக்குறையில் மற்ற ஜப்பானிய நிறுவனங்கள் தவித்தபோது ராகுட்டென் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் ஆள் எடுத்தது. பிற்காலத்தில் அதன் ஊழியர்கள் 70க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்களாயினர். கிளைகளை இணைக்கப் போட்ட பாலத்தில் கிளைகளைவிட அதிகமாகப் புதியவர்கள் நடந்து வந்தார்கள். பெங்களூரிலும் அதன் மென்பொருள் மையம் ஒன்று இயங்குகிறது.

இங்கே நம்மவரைப் பற்றிய ஒரு குறிப்பு பொருந்தும். ஜப்பானிய அலுவலகத்தில் ஒருவரைக் குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்து அழைப்பது வழக்கம். தமிழரில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. முன்னெழுத்தாக நிற்கும் தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டில் விரிந்து குடும்பப் பெயருக்கான கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். விளைவாக, டோக்கியோவுக்குப் போய்ச் சேர்ந்த தமிழ்ப் பொறியாளரை ஊரில் இருக்கும் அவருடைய தந்தையின் பெயரால், அதுவும் மிகுந்த மரியாதையோடு, நாள் முழுவதும் அழைப்பார்கள். சிரித்துவிட்டு அதற்கும் பழகிக்கொள்பவரே அதிகம். அலுவலகத்தில் ஆங்கிலம், தேநீர்க் கடையில் தமிழ், மேலதிகாரியிடம் வேறொரு குரல் என்று சென்னையிலேயே பழகிவிட்டவர் அவர். நீலியின் மூன்றாம் வகைக்கு அவர் டோக்கியோ போகும் முன்பே தகுதி பெற்றுவிடுகிறார். மிகிதானி ஆணையிட்ட அதே 2010 மார்ச் மாதத்தில்தான் சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டு ஆலை திறக்கப்பட்டது. பிரெஞ்சு நிறுவனமும் ஜப்பானிய நிறுவனமும் தங்களுக்கிடையே பொது மொழியாக வைத்துக்கொண்டது ஆங்கிலம். ஆலை நிற்பதோ தமிழ் மண்ணில். அங்கே மேசையைச் சுற்றி உட்காருபவர்களில் பெரும்பாலோர்க்கு அந்த மொழி தாய்மொழி அல்ல. ஆகவே ராகுட்டெனில் நடந்ததைத் தொலைதூர வினோதமாகப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஆணையை முற்றிலும் நியாயப்படுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. அதன் சுமை ஒரே தலைமுறை மீது, அதிலும் ஆங்கிலம் தேவைப்படாது என்ற புரிதலோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் மீது, முன்னறிவிப்பின்றி இறங்கியது. பதவியிறக்க அச்சுறுத்தலை முதலில் வைத்து வகுப்பறையைப் பின்னால் திறந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருந்தால் இழப்பு எவ்வளவோ குறைந்திருக்கும். வாடிக்கையாளரோடும் ஜப்பானியக் கடைக்காரரோடும் மட்டும் பேச வேண்டியவருக்கும் அதே இலக்கு எதற்கு என்ற கேள்விக்கும் திருப்தியான விடை இல்லை.

2015இல் நிறுவனம் டோக்கியோவின் புத்தாகோ-தமாகவா பகுதியில் புதிய தலைமையகத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தொழுகைக்கான அறை இருக்கிறது. கேண்டீனில் ஹலால் உணவும் சைவ உணவும் பரிமாறப்படுகின்றன. 2010இல் ஒரே நாளில் மாறியது உணவுப் பட்டியலின் மொழி மட்டும். அன்று அந்த ஆங்கிலப் பெயர்களுக்குப் பின்னால் இருந்தது அதே பழைய ஜப்பானியச் சமையல். பட்டியலில் இருந்த உணவு மாறுவதற்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன.